தீனி கேட்காத வண்டி

மலையாண்டியின் வலத்து மாடு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. அடைப்பான் நோய். காலையில் நாற்பது சால் தண்ணீர் இறைத்த மாடு, மத்தியானம் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயில் சாய்வதற்குள் நாலு காலையும் நீட்டிவிட்டது. அன்று மேலக்கொல்லைப்பட்டியில் இரண்டு வீட்டில் உலை வைக்கவில்லை. ஒன்று மலையாண்டி வீடு. இன்னொன்று இருளாயி வீடு. அவளுக்கு அன்றைக்கு விறகு இல்லை.

ஆலங்குடியிலிருந்து கிழக்கே ஐந்து மைல் அந்த ஊர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ப் பத்து வருசம் ஆகியிருந்தது. ஆலங்குடிக்குக் கரண்டு வந்துவிட்டது. மேலக்கொல்லைப்பட்டிக்கு மரக் கம்பங்கள் மட்டும் வந்து ரோட்டோரம் இரண்டு வருசமாகப் படுத்துக் கிடந்தன. ஒரு கம்பத்தில் கறையான் ஏறிப் புற்றுக் கட்டி, அந்தப் புற்றுக்கு வெள்ளிக்கிழமை தோறும் பால் ஊற்றவும் ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் அரசாங்கமே வந்தாலும் அந்தக் கம்பத்தை நட முடியாது.

வெயில் என்றால் அந்த வருசத்து வெயில்தான். காக்காய்கள் பறப்பதை விட்டுவிட்டு, ஆலங்குடி ரோட்டில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்தே போயின. இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் அந்த வருசம் அங்கே இருந்தவர்கள் இல்லை. மேகம் வராமலும் இல்லை. வரும், கறுக்கும், இடிக்கும். பிறகு அப்படியே கிழக்கே நகர்ந்து கோட்டைப்பட்டினம் போய்க் கடலில் பெய்துவிட்டுத் திரும்பிவிடும். கடலுக்கு அப்படி என்ன தாகமோ.

மலையாண்டியின் பெண்டாட்டி செவந்திக்கு மாட்டைவிட நிலக்கடலைதான் கண்ணுக்குள் நின்றது. தை மாதம் விதைத்த ஒன்றரை ஏக்கர். பூத்துவிட்டது. இனிப் பூவிலிருந்து விழுது விட்டு மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்கினால்தான் காய். காய்ந்த மண்ணுக்குள் விழுது இறங்காது. பங்குனி முழுக்கத் தண்ணீர் கட்டினால் வருசத்துக்கும் சோறு. கட்டாவிட்டால் ஆனி பிறந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்றுப் பறிக்கக் கூலிக்குப் போக வேண்டியதுதான். முன்பு ஒரு வருசம் போயிருக்கிறாள். அட்டை கடித்த தழும்பு கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. இனிச் செத்தாலும் அந்தச் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. மேலே கொண்டுவருவதுதான் பாடு. கமலை இறைக்க இரட்டை மாடு வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் மாடுகள் இறங்கும்போது, வடத்தின் மறுமுனையில் தோல் வால் வைத்த இரும்புச் சால் நிறையத் தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். ஒற்றை மாடு இதற்கு ஆகாது. ஒற்றை மாடு ஒற்றைச் செருப்பு மாதிரி. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், நடக்க முடியாது.

இதற்கும் ஊரில் ஒரு வழி உண்டு. ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூடி ஜோடி கட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் இவர் கிணறு, மறுநாள் அவர் கிணறு. ஐயனார் கோயில் வாசலில் இரண்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டித் தேங்காய் உடைத்துவிட்டால், அறுப்பு முடியும் வரை அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. கலியாணம் கட்டியவர்கள் கூடப் பிரிந்திருக்கிறார்கள். இது பிரிந்ததில்லை.

மறுநாளே செவந்தியின் அண்ணன் மூக்கன் வடக்குத் தெருவிலிருந்து வந்தான். துண்டை உதறி வாசலில் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ள, எங்கிட்ட ஒரு செவலை சும்மா நிக்குது. ஒங்ககிட்ட ஒரு மயிலை நிக்குது. ரெண்டும் ஒரே ஒசரம். வர்ற வெள்ளிக்கெழம ஐயனாருக்கு ஒரு காய ஒடச்சுப்புடுவமா?"

"வேணாம் மச்சான்," என்றான் மலையாண்டி. "மாட்டுக் காலம் முடிஞ்சுபோச்சு."

"எப்ப? காலையிலகூட எங்க மாடு சாணி போட்டுச்சே."

"சிரிக்காதீக. நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். ஊரே வந்து பாக்கப்போவுது."

"யோசனைய வடத்துல கட்டி எறைக்க முடியுமா மாப்ள?"

"முடியும்," என்றான் மலையாண்டி. முகத்தில் சிரிப்பே இல்லை. மூக்கன் தங்கையைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளி வரைக்கும் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மலையாண்டி இளவட்டத்தில் இரண்டு வருசம் பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். ஊரில் மற்றவர்களுக்கு மாட்டைத் தெரியும், மண்ணைத் தெரியும். அவனுக்கு மட்டும் கூடுதலாகப் பேட்டரியைத் தெரியும். அதுதான் வினை.

"ஏ புள்ள, இங்கிட்டு வா. பஸ்ஸுல பேட்டரின்னு ஒண்ணு இருக்கு. லைட்டு எரியிறது அதுல. ஆரன் அடிக்கிறது அதுல. காலையில இஞ்சினையே அதுதான் எழுப்பி விடும். நான் இருந்த ரெண்டு வருசத்துல ஒரு நா அது தீந்துபோச்சுன்னு யாரும் சொல்லல. ஏன்?"

"ஏன்?"

"ஓட ஓட ஏறுது. டைனமோன்னு ஒரு சாமான். அது சுத்தினாக் கரண்டு ஊறும். பேட்டரி நெறையும். டிரைவர் முன்னாடி ஒரு முள்ளு இருக்கும். பஸ்ஸு ஓடுறப்ப அது சார்ஜ் பக்கமாச் சாஞ்சே நிக்கும். என் கண்ணால பாத்தேன்."

"சரி."

"அப்பப் பேட்டரியே வண்டிய ஓட்டினா? பேட்டரி சக்கரத்தச் சுத்தும். சக்கரம் டைனமோவச் சுத்தும். டைனமோ பேட்டரிய நெறைக்கும். நெறைஞ்ச பேட்டரி மறுபடி சக்கரத்தச் சுத்தும். வைக்கோல் வேணாம், புண்ணாக்கு வேணாம், அடைப்பான் வராது. அந்த வண்டிய நம்ம கமலையில கட்டினா?"

செவந்தி முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்பறம் ஏன் அந்த பஸ்ஸு மொதலாளி பெட்ரோலு ஊத்துறாரு?"

"அவருக்குத் தெரியல," என்றான் மலையாண்டி. "பணம் இருக்குறவனுக்கு யோசனை எதுக்கு?"

அவளுக்கு எங்கோ இடறியது. ஆனால் எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சண்டை போட்டு ஜெயிப்பது? "எங்கண்ணன் கூட ஜோடி சேந்துக்கலாங்க," என்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். "ஒங்கண்ணன் மாட்டுக்கு எடப்பக்கம் இழுக்குற புத்தி," என்று அவனும் மூன்று தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மயிலையை ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினான். மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட என்று சொன்னான். மறுநாள் மத்தியானம் யாரோ ஒருவருடைய வண்டியில் வந்து இறங்கினான். மயிலை இல்லை. இரண்டு லாரிப் பேட்டரி, இஞ்சினை எழுப்பிவிடுகிற மோட்டார் ஒன்று, டைனமோ ஒன்று, சங்கிலி, பற்சக்கரம், அப்புறம் அந்த முள்ளு. ஷேக் தாவூது ராவுத்தரின் பழைய இரும்புக் கடையில் மாட்டுக்குப் பதிலாக வாங்கியது. ராவுத்தர் நல்ல மனிதர். "யாப்பா, உசுரோட இருக்குறதக் குடுத்துட்டு செத்ததோட எலும்ப வாங்கிட்டுப் போறியே, வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். "சொல்லிட்டேன்," என்று இவன் சொல்லியிருக்கிறான்.

செவந்தி கத்தவில்லை. வெறும் முளைக்குச்சியைப் பார்த்தாள். பிறகு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மூக்கன் தொழுவத்தில் செவலைக்குப் பக்கத்தில் இருளாயியின் மாடு நின்றது. இரண்டின் நெற்றியிலும் குங்குமம்.

"நேத்துப் பொழுது சாயிற வரைக்கும் கோயில்ல ஒக்காந்திருந்தேன் தங்கச்சி. மாப்ள வரல. இருளாயியும் ஒத்தைய வச்சிக்கிட்டு அழுதா. காய் ஒடச்சாச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

இருளாயி வாசலில்தான் இருந்தாள். "ஒரு நா விட்டுத்தரலாம்டி. மாட்டேங்கல. அந்த ஒரு நா ஏங்கடலை என்னைய மாதிரி பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குமா? அது எங்கிட்டுக் கெடந்து குடிக்கும், நீயே சொல்லு."

செவந்தி செவலையின் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வண்டி செய்யப் பதினைந்து நாள் ஆனது. கட்டை வண்டியின் சட்டத்தைப் பாதியாக அறுத்து, கொல்லனைப் பிடித்து அச்சில் பற்சக்கரம் ஏற்றி, மோட்டாருக்கும் அதற்கும் சங்கிலி மாட்டி, மறுபக்கச் சக்கரத்திலிருந்து டைனமோவுக்கு ஒரு தோல் வார் கட்டி, நுகத்தடி இருந்த இடத்தில் ஒரு பலகை அடித்து அதில் முள்ளைப் பதித்தான். கொல்லன் வேலையை விட்டுவிட்டு அவ்வப்போது எட்ட நின்று பார்த்துச் சிரித்துவிட்டு வந்து மறுபடி அடிப்பான். அந்தப் பதினைந்து நாளும் செவந்தி குடத்தில் தண்ணீர் மொண்டு கடலைக்கு ஊற்றினாள். குடத்துத் தண்ணீர் விழுந்த இடத்தில் மண் 'சுர்' என்று ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான், ஈரம் இருந்த அடையாளம் தெரியாது.

பங்குனி பத்தாம் தேதி காலையில் வண்டி கமலை மேட்டில் ஏறி நின்றது. ஊர் முழுக்கக் கூடியது. ஆலங்குடி ரோட்டில் போன இரண்டு மூட்டை வண்டிக்காரர்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள். மலையாண்டி வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டி, வடத்தை வண்டியின் பின்னால் மாட்டி, ஏறி உட்கார்ந்து, இரண்டு கம்பியைச் சேர்த்தான். 'கிர்ர்' என்றது. வண்டி இறங்கியது.

சால் வந்தது.

கிணற்று வாயில் நின்ற செவந்தி, தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அது வைக்கோல் தின்னாமல் வந்த தண்ணீர்! இரண்டாவது சால். மூன்றாவது சால். அவள் மனதுக்குள் புருசனிடம் மன்னிப்புக் கேட்டாள். நல்லவேளை, வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம்: மாடு பின்னால் நடந்து மேடேறும், வண்டி ஏறாது. ஒவ்வொரு தடவையும் மலையாண்டி குதித்து இறங்க, புருசனும் பெண்டாட்டியுமாகத் தள்ளி மேலே ஏற்ற வேண்டியிருந்தது. "பொண்டாட்டிக்கு ரிவர்ஸ் கியர்னு பேரு வச்சிருக்கான்டோய்," என்றான் மூட்டை வண்டிக்காரன். செவந்தி அதற்கும் சிரித்தாள். தண்ணீர் ஓடும்போது எதற்கும் சிரிக்கலாம்.

இருபத்தேழாவது சால் பாதிக் கிணற்றில் தொங்கும்போது வண்டி நின்றது. நின்றதோடு விட்டால் பரவாயில்லை. சால் கீழே இறங்க ஆரம்பித்தது; வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு சரிவில் ஏறியது. மலையாண்டி பிரேக்கைத் தேடினான், பிரேக் வைக்கவில்லை. இருபது வருசக் கமலையில் தண்ணீர் வண்டியை இழுத்ததை மேலக்கொல்லைப்பட்டி அன்றுதான் பார்த்தது. கிணற்று மேட்டுக் கமலைத் தூணில் முட்டி வண்டி நிற்கவும், மலையாண்டி துள்ளி வாய்க்காலில் விழுந்தான்.

"நம்ம மாடு பரவால்லப்பா," என்றாள் இருளாயி. "இழுக்க முடியலன்னா படுத்துக்கும். மேல ஏறி வராது."

இருபத்தேழு சால் மூன்று பாத்தியை நனைத்தது. மொத்தம் நூற்றுநாற்பது பாத்தி.

"டைனமோ பத்தல," என்றான் மலையாண்டி. ராவுத்தர் கடைக்குப் போய், வீட்டிலிருந்த பித்தளை அண்டாவைக் கொடுத்து இன்னொரு டைனமோ கொண்டுவந்து மறு சக்கரத்திலும் மாட்டினான். ஆனால் பேட்டரி இரண்டும் காலி. முதலில் அவற்றை நிரப்ப வேண்டும். ஆலங்குடியில் ரெங்கராஜ் என்று ஒருவன் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தான். ஆசிட் சிந்தும் என்று பஸ்ஸில் ஏற்றவில்லை. சொந்த வண்டிக்கு மாடு இல்லை. ஆகவே புருசன் தலையில் ஒன்று, பெண்டாட்டி தலையில் ஒன்று. சும்மாடு கூட்டி, ஐந்து மைல்.

"வண்டி நம்மளச் சொமக்கும்னீங்க," என்றாள் செவந்தி, இரண்டாவது மைலில்.

"சொமக்கும்."

"இப்ப வண்டிய யாரு சொமக்குறா?"

"வண்டிய எங்க சொமக்குற? பேட்டரியத்தான சொமக்குற."

ரெங்கராஜ் முப்பது வயசுக்காரன். கையெல்லாம் ஆசிட் புண். விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்காகவே செவந்திக்கு அவனைப் பிடித்துப்போனது.

"அண்ணே, பஸ்ஸுல டைனமோவச் சுத்துறது யாரு?"

"சக்கரம்."

"இல்லண்ணே. இஞ்சினு. இஞ்சினச் சுத்துறது?"

மலையாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"பெட்ரோலுண்ணே. பஸ்ஸுல பெட்ரோலுதான் மாடு. அது தீனி தின்னு இழுக்குற இழுப்புல கொஞ்சத்தத் திருப்பி டைனமோ பேட்டரிக்குக் குடுக்குது. நீங்க மாட்ட அவுத்துவிட்டுட்டு நொகத்துக்கிட்ட வேல கேக்குறீங்க."

"முள்ளு சார்ஜ் பக்கம் சாயிதேப்பா."

ரெங்கராஜ் கடையில் கிடந்த ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். "அக்கா, நீங்க வாங்க. இந்த மிதிகட்டைய கையால சுத்துங்க."

சுற்றினாள். சக்கரம் காற்றாய்ப் பறந்தது. அவன் சைக்கிள் டைனமோவைத் தட்டி டயரோடு ஒட்டவைத்தான். விளக்கு எரிந்தது. அதே நொடி அவள் கையை யாரோ பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது.

"கனக்குதா?"

"கனக்குது."

"அந்தக் கனந்தான் அக்கா வெளிச்சம். சும்மா வரல. ஒங்க கையிலேருந்துதான் போவுது. போற வழியில சூடாக் கொஞ்சம், சத்தமாக் கொஞ்சம் சிந்திட்டுத்தான் போவுது. நீங்க கொடுக்குறதவிட அது ஒரு நாளும் கூடத் தராது. ஒங்க வண்டியில டைனமோ மாட்டினா, அந்தக் கனத்தையும் சேத்து அந்தப் பேட்டரிதான இழுக்கணும்?"

செவந்திக்குப் பதினைந்து நாளுக்கு மேலாக இடறிய இடம் தெரிந்துவிட்டது. கையிலேயே தெரிந்துவிட்டது. புருசன் பக்கம் திரும்பினாள்.

அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "எரியுதுல்ல?" என்றான். "அதான் நானும் சொன்னேன்."

திரும்பும்போது வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். "எங்க சின்னாத்தா வீட்டுல ஒரு பசு இருந்துச்சு. தம் மடியத் தானே திரும்பிச் சப்பும். மூஞ்சியில முள்ளு கட்டுற வரைக்கும் விடல. அது தம் பாலக் குடிச்சுக் கொழுத்துச்சா? எலும்பும் தோலுமாத்தான் நின்னுச்சு. ஒங்க வண்டி அந்தப் பசுதாங்க."

"மாடு வேற, மிசின் வேற," என்றான் மலையாண்டி. பேட்டரி தலையில் இருந்ததால் தலையை ஆட்ட முடியவில்லை. அவள் சேலையில் தோளுக்குக் கீழே ஆசிட் சொட்டி ஏழு பொத்தல்.

இரண்டு டைனமோவோடு வண்டி இருபத்திரண்டு சால் இழுத்தது. மறுபடி ஆலங்குடி. திரும்பி வந்து வண்டியைப் பூட்டியதும், அவன் வாய் கொப்பளிக்கப் போன சமயம், செவந்தி இரண்டு தோல் வாரையும் அவிழ்த்துவிட்டாள். அவன் கவனிக்கவில்லை. முப்பத்திமூன்று சால்.

"பாத்தீங்களா? டைனமோவே இல்லாம முப்பத்திமூணு. ஒண்ணு இருந்தா இருபத்தேழு. ரெண்டு இருந்தா இருபத்திரெண்டு. அதுக நெறைக்கல. திங்குதுக."

மலையாண்டி குனிந்து, அவிழ்ந்து கிடந்த வாரைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வரப்போகிற மாதிரி இருந்தது. வரவில்லை. "இன்னைக்குக் காத்து நம்ம பக்கம் அடிச்சுது," என்றான்.

மூன்றாவது டைனமோ மாட்டினால் வண்டி கிளம்பும்போதே பின்னால் போகும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போனதைப் பார்த்தவர்களும் நாலு பேர் இருக்கிறார்கள். மூன்றாவது டைனமோ வாங்கவே இல்லை என்பது வேறு விசயம். வீட்டில் அதற்குப் பித்தளை இல்லை.

பங்குனி இருபதுக்கு மேல் கடலைச் செடி பகலில் இலையைக் கூப்பிக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் விரித்துவிடும். பிறகு சாயங்காலமும் விரிக்கவில்லை. செவந்தி குனிந்து இலையைத் தூக்கிப் பார்ப்பாள். விழுதுகள் நூல் நூலாக இறங்கி, மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி நின்றன.

அந்த நேரத்தில்தான் மலையாண்டி ஒன்று கண்டுபிடித்தான். காலி வண்டியை ரோட்டில் வேகமாகத் தள்ளினால் முள்ளு சார்ஜ் பக்கம் சாய்ந்தது.

"ஏறுது! மச்சான், வந்து பாருங்க, ஏறுது!"

ஊர் திரண்டது. பதினாறு ஆம்பளைகள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு கூச்சலும் சிரிப்புமாக ரோட்டில் மேலும் கீழும் மத்தியானம் முழுக்கத் தள்ளினார்கள். மலையாண்டி மேலே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். வேர்த்து ஊற்றி, வாய் உலர்ந்து, கடைசியில் கமலையில் கொண்டுபோய்ப் பூட்டினால், இரண்டு சால் வந்தது. மூன்றாவது சாலுக்கு வண்டி இருமிவிட்டுப் படுத்தது.

மூக்கன் நெற்றி வேர்வையை வழித்து எறிந்தான். "மாப்ள, நாங்க பதினாறு பேரும் இந்த வடத்தையே புடிச்சு இழுத்திருந்தா இந்நேரம் பாதிக் கொல்லை நனைஞ்சிருக்கும்."

செவந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் இது தனக்குத் தோன்றவில்லை? வடத்தின் நுனியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இழுங்கண்ணே. கும்புட்டுக் கேக்குறேன். எல்லாரும் ஒரு கை புடிங்க. பொழுது சாயிற வரைக்கும். நான் கூழு காச்சித் தாறேன்."

சிரிப்பு நின்றது. ஒருவன் வேட்டியை இறக்கிவிட்டான். இன்னொருவன் தன் கொல்லையில் வேலை கிடக்கிறது என்றான், கிடக்கத்தான் செய்தது. "வண்டியத் தள்ளுறது வேற புள்ள," என்றார் ஒரு பெரியவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "கமலையில பூட்டிக்கிட்டு நடக்குறது வேற. நாள பின்ன நாலு சனம் என்ன சொல்லும்?" மிசினைத் தள்ளினால் வேடிக்கை. வடத்தை இழுத்தால் மாடு. மற்ற பதினைந்து பேரும் பத்து நிமிசத்தில் கரைந்துவிட்டார்கள்.

மூக்கன் மட்டும் நின்றான். ஒரு முனையை அவன் பிடித்தான். அடுத்து செவந்தி. கடைசியில், வண்டியை விட்டு இறங்கி, மலையாண்டி. மூன்று பேர் இழுத்தால் அரைச் சால் வந்தது. அதிலும் தோல் வாலில் ஒழுகியது போக, பூசைச் செம்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சியது. ஒன்பது தடவை இழுத்தார்கள். மூக்கன் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மறுநாள் ஜோடி மாடு அவன் கிணற்றுக்கு முறை, போகாமல் முடியாது. பிறகு இரண்டு பேர். இரண்டு பேர் இழுத்தால் சால் வரவில்லை. வடம் அவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. செவந்தி மறுபடி குடத்தை எடுத்தாள். குடத்தில் கடலை பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மொண்டாள். கை சும்மா இருந்தால் மனசு கத்தியது.

ஒரு நாள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், ராவுத்தரிடம் மயிலையைத் திருப்பிக் கேட்டும் பார்த்தாள்.

"அன்னைக்கே சந்தைக்குப் போயிருச்சு ஆத்தா. வாங்குனவன் மணப்பாறைப் பக்கம். பேரு கேட்டுக்கல." அவர் ஒரு டீயை வாங்கி அவள் பக்கம் நகர்த்தினார். "ஒம் புருசன் கெட்டவன் இல்ல. சொல்லிட்டேன்னு சொன்னப்ப தரையப் பாத்தான். நாந்தான் அன்னைக்கு அத விட்டுட்டேன்."

டீ ஆறிப்போகும் வரை செவந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடித்துவிட்டு எழுந்தாள்.

சித்திரை நடுவில் கடலையைப் பிடுங்கினார்கள். பிடுங்க வேண்டியதில்லை, தொட்டால் வந்தது. ஒன்றரை ஏக்கருக்கு ஒரு மரக்கால் கடலை தேறியது. அதிலும் பாதி பொக்கு. முதல் மூன்று பாத்தியில் மட்டும், அந்த இருபத்தேழு சால் பாய்ந்த இடத்தில், செடிக்கு ஏழெட்டுக் காய் தொங்கியது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று செவந்திக்குத் தோன்றியது.

கொடி மட்டும் மலை மாதிரி குவிந்தது. காயில்லாத கடலைக் கொடிக்கு ஒரே உபயோகம்தான்: மாட்டுத் தீவனம். கேட்டு ஆள் வந்தார்கள். இருளாயி ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, போகும்போது ஒன்றும் சொல்லாமல் செவந்தியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். வாய் திறந்தால் மூடாத இருளாயி.

மலையாண்டி கிணற்று மேட்டில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கம்பி இரண்டையும் சேர்ப்பான், பிரிப்பான். முள்ளு நடுவில் நின்றது; எந்தப் பக்கமும் சாயவில்லை.

செவந்தி ஒரு கை கொடியை வாரிக்கொண்டு மேடேறினாள். நுகத்தடி இருந்த இடத்துக்கு முன்னால், மாட்டுக்குப் போடுகிற மாதிரியே பரப்பிப் போட்டாள். கோபமாகப் போடவில்லை. போட்டுவிட்டு, தின்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மலையாண்டி கொடியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கம்பியைக் கீழே விட்டான்.

"இது திங்காது செவந்தி," என்றான்.

இரண்டு மாதமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் சைக்கிளைச் சுற்றினாள், பசுவைச் சொன்னாள், வாரை அவிழ்த்தாள். இப்போது வந்துவிட்டது. வந்த சொல்லை எங்கே கொண்டுபோய்ப் பாய்ச்சுவது? கொல்லை மொட்டையாகக் கிடந்தது.

"சரிங்க," என்றாள். "ஆனி பொறக்க இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. தஞ்சாவூருக்குப் போற கூட்டத்துல ரெண்டு பேரச் சேத்துக்கிருவாகளான்னு கேட்டு வையிங்க."

குனிந்து, போட்ட கொடியை மறுபடி வாரினாள். வீணாக்க மனசில்லை; எந்த வீட்டு மாடாவது தின்னட்டும். கட்டாகக் கட்டினாள். மலையாண்டி வண்டியை விட்டு இறங்கி வந்து, கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். காய்ந்த கொடி, ஒரு கட்டு. அப்படி என்ன கனத்துவிடும்? ஐந்து மைல் பேட்டரி சுமந்த கழுத்து அது. அன்றைக்குத்தான் ஒரு தரம் மளுக்கென்று உள்ளே இறங்கியது. அவன் இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் நிமிர்கிற வரைக்கும் விடாமல் நின்றான்.